பன்னிரண்டு தந்தி கிட்டார்: ஜம்போவா, சின்ன உடலா? ரோஸ்வுட்டா, மகாகனியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கையில் ஆறு தந்தி ட்ரெட்னாட் (இடுப்பு ஒடுங்காத, ஆழமான உடல் வகை) இருக்கிறது. இப்போது ஒரு பன்னிரண்டு தந்தி அக்கூஸ்டிக் வாங்க வேண்டும். பாட்டுக்குத் துணையாக, பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்ட் அடிக்கவும் வேண்டும், விரலால் மீட்டவும் வேண்டும். பார்த்து வைத்திருப்பவை மூன்று: ஜம்போ என்னும் மிகப் பெரிய உடலில் ஒரு ரோஸ்வுட் கிட்டார், மகாகனி ட்ரெட்னாட், மேற்பலகையும் மகாகனியாக இருக்கிற ஒரு சின்ன உடல் கிட்டார். ஒலியைத் தீர்மானிப்பது அளவா, மரமா, பெரியதை வாங்கினால் பிழையில்லையா என்று கேட்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலின் அளவுதான் முதலில். டாப் என்று சொல்லும் மேற்பலகையும், அதன் அடியில் ஒட்டியிருக்கும் மரச் சட்டங்களான பிரேஸிங்கும் அதற்கு அடுத்தது. பக்கமும் முதுகும் என்ன மரம் என்பது கடைசி. விளம்பரங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். முதுகு மரம் கண்ணைக் கவரும், விலையையும் அதுவே ஏற்றும், அதனால் அதைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறார்கள்.

உடலுக்குப் போகும் முன் தந்திகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கிட்டாருக்கு எந்த உடல் பொருந்தும் என்பதை அவைதான் சொல்கின்றன. மொத்தம் ஆறு ஜோடி. மெல்லிய ஈ, பி ஜோடிகளில் இரண்டு தந்தியும் ஒரே தடிமன், ஒரே சுருதி. மற்ற நான்கு ஜோடிகளில் ஒன்று வழக்கமான தடித்த தந்தி. கூட இருப்பது ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி. தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதே அல்ல. தம்புராவில் நடுவில் இருக்கும் சாரணைத் தந்திகள் இரண்டும் ஒரே ஸட்ஜம், கடைசித் தந்தி ஒரு ஸ்தாயி கீழே மந்தர ஸட்ஜம். அந்த இரண்டு சாரணையும் மயிரிழை விலகும்போது ஒலி மெல்ல அலையடிக்குமே, பன்னிரண்டு தந்தியின் ஜொலிப்பும் அதேதான்.

இதில் ஜி ஜோடியை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அதன் மெல்லிய தந்தி 0.008 அல்லது 0.009 அங்குலம்தான், தையல் நூல் மாதிரி இருக்கும். அது ஒலிப்பது 392 ஹெர்ட்ஸில். விளிம்பில் இருக்கும் முதல் தந்தியான ஈயோ 330 ஹெர்ட்ஸ்தான். ஆக, கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட் எதையும் அழுத்தாத நிலையில் கிட்டாரின் உச்ச சுரம் ஓரத்தில் இல்லை, நடுவில் ஒளிந்திருக்கிறது. கார்ட் அடிக்கும்போது மேலே ஏதோ மணி ஒலிப்பது போலத் தோன்றுவது பெரும்பாலும் அந்த ஒரு தந்தி. எடுத்ததும் அறுந்து போவதும் அதுதான், செட் வாங்கும்போது தனியாக நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மேல் ஸ்தாயிப் பளபளப்பை உடலோ மரமோ கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அது தந்திகளிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. உடலிடம் நாம் கேட்பது வேறு: அந்தப் பளபளப்பைத் தாங்கிப் பிடிக்க அடியில் ஒரு கனம், தடித்த தந்தியும் மெல்லிய தந்தியும் ஒன்றையொன்று விழுங்காமல் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும் தெளிவு. ஆறு தந்திக்கு "பிரகாசமான மரம்" என்று புகழப்படும் ஒன்று இங்கே தொந்தரவாகவே முடியலாம்.

அடுத்தது இழுவிசை. லைட் செட் (மெல்லிய தந்திகளின் தொகுப்பு) போட்ட ஆறு தந்தி கிட்டாரில் தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ. பன்னிரண்டு தந்தியில், 10-47 லைட் செட்டிலேயே (முதல் தந்தி 0.010 அங்குலம், ஆறாவது 0.047), 110 கிலோவைத் தாண்டும். தந்திகளை மேற்பலகையில் கட்டியிருக்கும் பிரிட்ஜில் ஒரு பெரியவர் ஏறித் தொங்குவதை விட அதிகம், இரவும் பகலும். அதைத் தாங்க மேற்பலகையைக் கொஞ்சம் தடியாக்குகிறார்கள், பிரேஸிங்கையும் கனமாக்குகிறார்கள். பலகையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியில் ஏறும். 10 சதவீதம் தடித்தால் விறைப்பு ஏறக்குறைய 33 சதவீதம் கூடிவிடும். விறைத்த பலகை தாழ்ந்த சுரங்களுக்கு அசைய மறுக்கும். மலிவான பன்னிரண்டு தந்தி கிட்டார்கள் பலவும் தகரம் மாதிரி சலசலப்பதற்கு இதுதான் காரணம். முதுகு மரம் மட்டமானது என்பதால் அல்ல, உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பலகையைக் கட்டை மாதிரி செய்துவிடுவதால்.

பெரிய உடல் ஏன் இந்தக் கிட்டாரின் அடையாளமாகவே ஆனது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. தடித்த பலகை அசைய வேண்டுமானால் அதற்குப் பரப்பு வேண்டும். கில்ட் நிறுவனத்தின் எஃப்-412, எஃப்-512 இரண்டும் 17 அங்குல அகல ஜம்போக்கள். நெக் என்னும் கழுத்து வளையாமல் இருக்க, அதற்குள் ஒன்றுக்கு இரண்டு ட்ரஸ் ராடு (இரும்புக் கம்பி) வைத்துச் செய்தார்கள். மார்ட்டின் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த டி12-20 மகாகனியில் செய்த ட்ரெட்னாட், நெக் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உடலோடு சேரும் வகை. அதற்கெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்க நாட்டுப்புற, ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லி ஸ்டெல்லா என்ற பெரிய பன்னிரண்டு தந்தி கிட்டாரை வாசித்தார். நியூ ஜெர்சியில் ஆஸ்கர் ஷ்மிட் நிறுவனம் செய்தது. அதன் பிரேஸிங் ஏணிப்படி மாதிரி குறுக்குச் சட்டங்கள், தந்திகள் பிரிட்ஜைத் தாண்டி உடலின் வால்பக்கத்தில் ஒரு டெயில்பீஸில் போய்க் கட்டப்பட்டிருக்கும். சுருதியை இரண்டு முழு சுரம், சில சமயம் அதற்கும் கீழே இறக்கி வைத்திருப்பார். அவருடைய பழைய பதிவுகளைக் கேளுங்கள், பியானோவின் இடது கை மாதிரி அடித்தந்திகள் நடந்து போகும். அந்த ஒலி ஏதோ அரிய மரத்திலிருந்து வந்ததல்ல. நீண்ட தந்தி, தடித்த தந்தி, தாழ்ந்த சுருதி, பெரிய உடல் எல்லாம் சேர்ந்து கொடுத்தது.

உடலின் அளவு ஒலியில் என்ன செய்கிறது என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தந்திகளை ஒரு துணியால் அமுக்கிக்கொண்டு, மேற்பலகையில் இருக்கும் வட்டத் துளையான சவுண்ட் ஹோலுக்கு அருகே வாயை வைத்து அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துங்கள். ஒரு இடத்தில் உங்கள் குரல் திடீரென்று பெரிதாகும், பிடித்திருக்கும் கையில் கிட்டாரின் முதுகு அதிரும். அதுதான் உள்ளே இருக்கும் காற்றின் சொந்தச் சுரம். ட்ரெட்னாட்டில் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும், அதாவது ஆறாம் தந்தியில் மூன்றாவது, நான்காவது ஃப்ரெட் சுரம். சவுண்ட் ஹோல் ஒரே அளவாக இருக்கும்போது உடல் சின்னதாகச் சின்னதாக இந்தச் சுரம் மேலே ஏறும், பெரிதானால் இறங்கும். அதற்குக் கீழே இருக்கும் சுரங்களுக்கு உடல் கொடுக்கும் ஆதரவு வேகமாகக் குறைந்துவிடும்.

ஜம்போவில் அடியில் கனம் கிடைக்கிறது, அறை நிறைகிறது. மைக் இல்லாமல் தனியாகக் கார்ட் அடித்துப் பாடுகிறவருக்கு அது பெரிய வரம். ஆனால் அதே ஜம்போவில் விரலால் மீட்டினால், கட்டைவிரல் அடித்த அடிச்சுரம் அடுத்த சுரம் வரும்வரை அடங்காமல் தங்கிவிடும். அதன் மேல் ஸ்தாயித் தந்திகளும் ஒலித்துக்கொண்டே இருக்கும். மெட்டு எங்கே போகிறது என்று கேட்பவர் தேட வேண்டியிருக்கும். ட்ரெட்னாட் இடைப்பட்டது. அகலம் 15⅝ அங்குலம்தான் என்றாலும் ஆழமும், ஒடுங்காத இடுப்பும் அதற்கு நல்ல அடி ஒலியைக் கொடுக்கின்றன. பிக் என்னும் சின்ன மீட்டு தகட்டால் அடிக்கும்போது அதன் குணம் வெளிப்படும்.

சின்ன உடலைப் பற்றித்தான் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. "சின்னது என்றால் மெலிந்த ஒலி" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சின்ன பலகைக்கு, அதன் அளவின் காரணமாகவே விறைப்பு அதிகம். அதனால் அதை மெல்லியதாகச் செதுக்கலாம், கனமான பிரேஸிங் தேவைப்படாது. மெல்லிய பலகை சட்டென்று பதில் சொல்லும். டெய்லர் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த 562சிஇ இந்த வழியில் போனது. 15 அங்குல உடல், தந்தி நீளம் 24⅞ அங்குலம், மேற்பலகை உட்பட மகாகனி. நெக் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உடலோடு சேர்வதால் பிரிட்ஜ் பலகையின் அகன்ற பகுதியின் நடுவுக்கு நகர்கிறது, அங்கேதான் பலகை தாராளமாக அசையும். தந்தியைப் பிரிட்ஜில் பிடித்து நிறுத்தும் முளையான பின், ஒரு ஜோடிக்கு ஒன்றே என்று இரண்டு தந்தியையும் சேர்த்துக் கட்டியதால் பிரிட்ஜும் சிறியதாகிவிட்டது. இப்படிப்பட்ட கிட்டாரில் ஜம்போவின் முழக்கம் இருக்காது. ஆனால் ஒவ்வொரு ஜோடியும் தனியாகக் கேட்கும், பாடுகிறவரின் குரலுக்கு இடம் விடும். ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று ஒருமுறை பதிந்து பார்த்தால் தெரியும்.

சரி, மேற்பலகைக்கு வருவோம். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம்தான் இங்கே பொதுவானது, அதற்கு நியாயமும் இருக்கிறது. எடை குறைவு, விறைப்பு அதிகம். சிட்கா ஸ்ப்ரூஸின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 425 கிலோ, ஹோண்டுராஸ் மகாகனி 590 பக்கம் இருக்கும். இவ்வளவு இழுவிசையை இவ்வளவு குறைந்த எடையில் தாங்க ஸ்ப்ரூஸுக்கு இணை அதிகமில்லை. மகாகனி மேற்பலகை கனமானது, மேல் சுரங்களை ஓரளவு உறிஞ்சிவிடும், சத்தமும் கொஞ்சம் குறையும். ஆறு தந்தியில் இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. பன்னிரண்டு தந்தியில் எனக்கு இது ஒரு நன்மையாகவே படுகிறது. தந்திகள் கொட்டும் பளபளப்பின் கூர்மையை மகாகனி மழுக்கிவிடுகிறது, காது களைக்காமல் ஒரு மணி நேரம் வாசிக்கலாம். சீடர் மென்மையான, இனிமையான மரம்தான். ஆனால் அதன் அடர்த்தி 370 பக்கம், நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். பன்னிரண்டு தந்தியின் இழுவிசையில் அதை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க எனக்குத் துணிச்சல் வராது.

மரத்தின் பெயரை விட, அந்தக் குறிப்பிட்ட பலகையை எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது முக்கியம். ஒரே மரக்கட்டையில் எடுத்த இரண்டு ஸ்ப்ரூஸ் பலகைகள்கூட விறைப்பில் வேறுபடும். நல்ல கைவினைஞர் பலகையை விரலால் தட்டியும் வளைத்தும் பார்த்து அதற்கேற்பச் செதுக்குவார். தொழிற்சாலையில் எல்லாப் பலகையும் ஒரே தடிமனில் வரும். அதனால்தான் ஒரே மாடலில் இரண்டை எடுத்து வாசித்தால் இரண்டு விதமாக இருக்கிறது. வாங்கும்போது ஒன்றோடு நிற்காதீர்கள்.

இனி முதுகும் பக்கமும். ரோஸ்வுட் என்றால் ஆழமான அடி, மேலே கண்ணாடி மாதிரி மினுக்கு. மகாகனி என்றால் நடு ஸ்தாயி தெளிவு. மேப்பிள் என்றால் பளிச்சென்ற வெட்டு. இப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு என்னை யோசிக்க வைத்தது. முதுகும் பக்கமும் மட்டும் வேறுபடும் ஆறு கிட்டார்களை ஒரே மாதிரி செய்ய வைத்தார்கள்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கலான அறையில் 52 கிட்டார் கலைஞர்களை வாசிக்கச் சொன்னார்கள். ஆறுக்கும் கிடைத்த மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றே. எது எது என்று பிரித்துச் சொல்வதும் கடினமாகவே இருந்தது. அவை ஆறு தந்தி கிட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஆனாலும் பன்னிரண்டு தந்தியில் மட்டும் முதுகு மரம் திடீரென்று பெரிய ஆளாகிவிடும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஸ்பெயினின் அந்தோனியோ தோரெஸ் 1862-இலேயே முதுகையும் பக்கத்தையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து, மேற்பலகையை மட்டும் ஸ்ப்ரூஸில் வைத்து ஒரு கிட்டார் செய்து காட்டினார். அது இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் கில்ட் எஃப்-412 மேப்பிளும் எஃப்-512 ரோஸ்வுட்டும் அவ்வளவு வித்தியாசமாக ஒலிக்கின்றனவே என்று கேட்பீர்கள். ஒலிப்பது உண்மைதான். மேப்பிள் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும், ரோஸ்வுட் பின்னால் ஒரு நிழலை இழுத்து வரும். ஆனால் அங்கே மாறுவது மரம் மட்டுமல்ல. 412-இன் முதுகு அழுத்தி வளைத்துச் செய்த கூரை மாதிரியான பலகை. 512-இன் முதுகு தட்டையானது, உள்ளே சட்டங்கள் ஒட்டியது. முதுகின் வடிவமே வேறு. இந்திய ரோஸ்வுட்டின் அடர்த்தி 830 பக்கம், கனமான முதுகு மேற்பலகையோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் என்பதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அந்த வித்தியாசம், புதுத் தந்திக்கும் மூன்று மாதப் பழைய தந்திக்கும் உள்ள வித்தியாசத்தை விடச் சின்னது என்பதே என் காது சொல்வது.

ரோஸ்வுட் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்திய ரோஸ்வுட் என்று உலகம் சொல்வது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்பதும் அதுவே. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கடினமானதும் மார்ட்டின் நிறுவனம் 1969 வாக்கில் இதற்கு மாறியது. 1992-இல் பிரேசில் மரம், அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலுக்குப் போய்விட்டது. 2017-இல் ரோஸ்வுட் வகைகள் எல்லாமே கட்டுப்பாட்டுக்குள் வந்து, 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. கூடலூர் பக்கம் வளரும் ஒரு மரம் இப்படி உலகம் முழுக்க மடியில் உட்கார்ந்து பாடுகிறது என்பது எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த மரம் வளர எத்தனை தலைமுறை ஆகிறது என்று நினைத்தால், ஒலிக்காக ரோஸ்வுட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

கடையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் ஜி ஜோடியின் இரண்டு தந்தியையும் தனித்தனியாக, ஒரே பலத்தில் மீட்டுங்கள். தடித்தது வெறும் "டொக்" என்று அடங்கி, மெல்லியது மட்டும் கிணுகிணுத்தால் பலகை விறைப்பு அதிகம் என்று அர்த்தம். பிறகு முழு ஜி கார்ட் அடித்து, உடனே உள்ளங்கையால் கீழ் ஸ்தாயி மூன்று ஜோடிகளை மட்டும் அமுக்குங்கள். மிச்சம் இருக்கும் ஒலி தெளிவாகத் தனியே நின்றால் நல்லது, அப்போதும் உள்ளே ஒரு உறுமல் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தக் கிட்டார் விரல் வாசிப்புக்குச் சிரமம் கொடுக்கும். அப்புறம் வேறொருவரை வாசிக்கச் சொல்லி பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். பெரிய உடலின் ஒலி முன்னால் போய் விழுவது, வாசிப்பவருக்குப் பாதிதான் தெரியும்.

கட்டாயம் ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துப் போங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால், பலகையின் குறுக்கே ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி இரண்டு ஓரத்திலும் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் அளவு புடைப்பு பன்னிரண்டு தந்தியில் சாதாரணம். நண்பர் ஒருவர் பழைய ஜம்போ ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார், ஸ்கேலின் இரு முனையிலும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. விசிட்டிங் கார்டை பிரிட்ஜின் பின்விளிம்பில் செருகினால் தந்தி முளைகளின் வரிசை வரைக்கும் உள்ளே போனது. கடற்கரை ஊர், ஈரக்காற்று, மூன்று வருடம் முழுச் சுருதியில் சுவரில் தொங்கியிருக்கிறது. உள்ளே சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டுப் பார்த்தபோது ஒரு பிரேஸ் நுனி பிரிந்து நின்றது. ஒட்டிச் சரிசெய்த பிறகு அவர் அதை ஒரு முழு சுரம் இறக்கி வைத்திருக்கிறார், இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் வழக்கமான சுருதி வந்துவிடுகிறது. இழுவிசை சுருதியின் வர்க்கத்தில் மாறுவதால், ஒரு முழு சுரம் இறக்கினாலே சுமார் 20 சதவீதம் குறைந்துவிடும். பல தயாரிப்பாளர்கள் தங்கள் பழைய பன்னிரண்டு தந்திகளுக்கு இதையேதான் பரிந்துரைத்தார்கள். பன்னிரண்டு தந்தியில் விரல் வாசிப்புக்குப் பெயர்பெற்ற அமெரிக்கக் கலைஞர் லியோ காட்கே, ஈ தந்தியை ஸி ஷார்ப் வரை இறக்கி வாசிக்கிறார், அவர் பெயரில் டெய்லர் செய்த ஜம்போவுக்கு முதுகும் பக்கமும் மகாகனி. பெரிய உடலில் அவ்வளவு வேகமான விரல் வாசிப்பு கலங்காமல் கேட்கிறது என்றால், அவருடைய விரல்களுக்கு அடுத்தபடியாக அந்தத் தாழ்ந்த சுருதிக்கும் தடித்த தந்திக்கும் பங்கு உண்டு.

உங்கள் மூன்றில் நான் எதை எடுப்பேன்? ட்ரெட்னாட் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அதன் ஒலி உங்கள் காதுக்குப் பழகியது. பாட்டுக்குத் துணை, விரல் வாசிப்பு இரண்டும் வேண்டும் என்கிறீர்கள். நான் மகாகனி மேற்பலகை போட்ட சின்ன உடலைத்தான் எடுப்பேன். சின்ன மேடைகளில் மைக் இல்லாமல், கூட வேறு வாத்தியமும் இல்லாமல் கார்ட் அடித்துப் பாடுவதே உங்கள் முக்கிய வேலையாக இருந்தால் மட்டும் ஜம்போ. அப்போதும் ரோஸ்வுட்டுக்கென்று கூடுதலாகக் கேட்கும் பணத்தைக் கொடுக்க வேண்டாம், அதே அளவில் மகாகனி இருந்தால் அதையும் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் பிரிட்ஜ் ஸேடலை (தந்திகள் ஏறி நிற்கும் மெல்லிய பட்டையை) நல்ல எலும்பில் மாற்றி, ஒவ்வொரு தந்தியும் அதனதன் சுருதியில் நிற்கும்படி ஒரு தேர்ந்த ரிப்பேர்காரரிடம் செட்டப் செய்துகொள்ளுங்கள். ஜோடியில் இருக்கும் தடித்த தந்தியும் மெல்லிய தந்தியும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒத்துப் போகிறதா என்று அவர் முன்னாலேயே ட்யூனர் வைத்துப் பாருங்கள்.